மீதியை வெள்ளித்திரையில் காண்க

கள்ளக்குறிச்சிப் பழைய பேப்பர் கடைகளில் எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. நியூஸ் பேப்பருக்கு ஒரு விலை, பள்ளிக்கூட நோட்டுக்கு ஒரு விலை, அட்டைக்கு ஒரு விலை. இந்த மூன்றிலும் சேராதது மூலையில் இருக்கும் கோணிச் சாக்கில் விழும். கல்யாணப் பத்திரிகை, பீஸ் கட்டிய ரசீது, கரும்பு ஆலை கொடுத்த வெட்டு உத்தரவு, யாருடைய ஜாதகமோ, எல்லாம் அதற்குள் கிடக்கும். போன வருடம் அப்படி ஒரு சாக்குக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“என்ன சார் தேடுறீங்க? பத்திரம் கித்திரம் தவறிப்போச்சா?”

“இல்லண்ணே. சினிமா பாட்டுப் புத்தகம்.”

அவர் சிரித்துவிட்டார். “அது எப்பவாச்சும் வரும் சார். எடைக்கே நிக்காது. பஜ்ஜி மடிக்கக்கூட ஆவாது, அவ்ளோ சின்னது.”

எடைக்கு நிற்காத அந்தக் காகிதத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பாட்டுப் புத்தகம் என்றால் என்னவென்று சொல்லியாக வேண்டும். படம் பார்க்கப் போகும் கொட்டகை வாசலிலும் இடைவேளையிலும் விற்ற சின்னப் புத்தகம் அது. எட்டுப் பக்கம் இருக்கும், மிஞ்சினால் பதினாறு. அட்டையில் நாயகனும் நாயகியும். உள்ளே நடிகர்கள் பெயர், டைரக்‌ஷன், சங்கீதம், கேமரா என்று ஒரு பட்டியல். அதற்கடுத்து ‘கதாசாரம்’ அல்லது ‘கதைச் சுருக்கம்’. கதாநாயகி வீட்டைவிட்டு வெளியேறுகிற இடத்திலோ, வில்லன் கத்தியை ஓங்குகிற இடத்திலோ கதை சட்டென்று நிற்கும். கீழே கொட்டை எழுத்தில் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று இருக்கும். படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவனிடமும் அதே புத்தகத்தைத்தான் விற்றார்கள். அவனும் வாங்கினான். கதைக்காக அல்ல, அதற்கு அடுத்த பக்கத்தில் தொடங்கும் பாட்டுகளுக்காக.

வெளிநாட்டில் இதற்கு ஒரு பணக்காரச் சகோதரன் இருக்கிறான். பெரிய படம் ஒன்றின் முதல் காட்சிக்கு அழைக்கப்பட்ட விருந்தினர்களுக்காகவும், முதல் சில வாரங்கள் பார்க்க வந்தவர்களுக்காகவும் வழவழப்பான தாளில் அச்சிட்ட நிகழ்ச்சிப் புத்தகம். ஃபிரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபோலிஸ்’ 1927 மார்ச்சில் லண்டனில் திரையிடப்பட்டபோது அச்சிட்டது 32 பக்கப் புத்தகம். அதன் ஒரு பிரதிக்கு லண்டனின் பழம்புத்தக வணிகர் பீட்டர் ஹாரிங்டன் சில ஆண்டுகளுக்கு முன் வைத்த விலை 2,750 பவுன். அன்றைக்கு நம் பணத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல். அதே படத்தின் போஸ்டர் ஒன்று 2005-இல் 6,90,000 டாலருக்குப் போனது. புத்தகத்தின் விலை போஸ்டருக்குப் பக்கத்தில்கூட வராது என்பதையும் கவனிக்க வேண்டும். சுவரில் மாட்ட முடிகிற காகிதத்துக்குத்தான் உலகம் முழுக்கக் கிராக்கி. கையில் பிரித்துப் படிக்க வேண்டிய காகிதம் இரண்டாம் பந்திக்காரன்தான்.

ஆனால் படிக்கிறவனுக்கு அந்த இரண்டாம் பந்தியில்தான் விஷயம் கிடைக்கிறது. ‘கான் வித் த விண்ட்’ படத்தின் முதல் காட்சி 1939 டிசம்பர் 15 அன்று அட்லாண்டாவில் நடந்தது. அதில் நடித்த கறுப்பினக் கலைஞர்கள் அந்தக் கொட்டகைக்குள் வர அனுமதியில்லை. அங்கே கொடுத்த நினைவுப் புத்தகத்திலும் அவர்களுக்கு இடம் தரப்படவில்லை. விடுபட்டவர்களில் ஒருவரான ஹாட்டி மெக்டேனியல், சில வாரங்களில் அதே படத்துக்காக ஆஸ்கர் வாங்கினார். அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர். படத்தைப் பார்த்தால் அவர் இருக்கிறார். புத்தகத்தைப் பார்த்தால் இல்லை. படம் சொல்லாத ஒன்றைப் புத்தகம் சொல்கிறது. இதைவிடப் பெரிய மதிப்பு ஒரு காகிதத்துக்கு எங்கிருந்து வரும்?

நம் நாட்டிலும் விருந்தினருக்கென்று ஆடம்பரமாக அடித்தது உண்டு. 1960 ஆகஸ்ட் 5 அன்று பம்பாய் மராத்தா மந்திரில் ‘முகல்-ஏ-ஆஸம்’ திறந்தபோது, அழைப்பிதழையே மொகலாய அரசாங்க ஓலை போலச் சுருட்டி, உருதுவில் எழுதி அனுப்பினார்கள். நமக்கு ஜெமினி எஸ்.எஸ். வாசன் இருந்தார். 1948-இல் வந்த ‘சந்திரலேகா’வுக்கு அவர் செய்த விளம்பரத்தைப் பார்த்து வடநாட்டுத் தயாரிப்பாளர்கள் வாய் பிளந்தார்கள். ஆனால் தமிழ்நாட்டில் சினிமாக் காகிதம் என்பது விருந்தாளி வீட்டு அலமாரியில் வளர்ந்த பொருள் அல்ல. தரை டிக்கெட்காரன் இடுப்பு மடியில் வளர்ந்தது.

அத்தையின் பெட்டி

என் அத்தையைக் கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையம் பக்கத்து ஊர் ஒன்றில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கோமுகி அணை கட்டி முடித்த காலம். அணை 1965-இல் முடிந்தது. ஊருக்கு வெளியே களத்துமேட்டில் டென்ட் கொட்டகை. சாயங்காலம் சீர்காழியின் பிள்ளையார் பாட்டு ஒலிபெருக்கியில் கேட்டால் டிக்கெட் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு ஓட வேண்டியதுதான். தரை, பெஞ்சு, சேர் என்று மூன்று வகுப்பு, பெண்களுக்குத் தனிப்பக்கம். புரொஜெக்டர் ஒன்றுதான் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போட்டுவிடுவார்கள். ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை. முறுக்கு, சோடா, கடலை மிட்டாயோடு பாட்டுப் புத்தகத்தையும் தட்டில் வைத்துக்கொண்டு பையன்கள் மணலில் கால் புதையப் புதைய வருவார்கள்.

மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களைப் பற்றி அத்தை நிறையச் சொல்வாள். கல்வராயன் மலை அப்போது இன்னும் ஜாகிர்தார்களின் பிடியில்தான் இருந்தது; அரசின் நேரடி நிர்வாகத்துக்கு அது முழுதாக வந்தது 1976-இல். ஒழுங்கான சாலை கிடையாது. மலையாளிப் பழங்குடி மக்கள் கடுக்காய், புளி, தேன், சாமை என்று தலைச்சுமையாகக் கொண்டுவந்து சந்தையில் போட்டுவிட்டு, பொழுது சாய்ந்ததும் கொட்டகைக்கு வந்துவிடுவார்கள். இரண்டாம் ஆட்டமும் பார்த்துவிட்டு அங்கேயே மணலில் படுத்து, கருக்கலில் மலையேறுவார்கள். போகும்போது இடுப்பில் உப்பு, மிளகாய்ப் பொட்டலத்தோடு ஒரு பாட்டுப் புத்தகம் இருக்கும். “அவருக்கு எழுத்து தெரியாதே அத்தை, எதுக்கு வாங்குறாரு?” என்று ஒருமுறை கேட்டேன். “மேல பள்ளிக்கூடத்துப் புள்ள ஒண்ணு இருக்கும்ல, அது படிக்கும். இவரு மெட்டு புடிச்சுக்குவாரு” என்றாள். படிக்கத் தெரிந்த ஒருவன் வாய்விட்டுப் படிக்க, பத்துப் பேர் கேட்டு மனப்பாடம் செய்வது நம் ஊருக்குப் பழைய வழக்கம்தான். பாரதக் கதையும் அல்லி கதையும் அப்படித்தான் தெருத் திண்ணைகளில் வளர்ந்தன.

அத்தை தான் பார்த்த படங்களின் புத்தகங்களையெல்லாம் ஒரு டின் பெட்டியில் போட்டு வைத்திருந்தாள். மேலே ஒரு வசம்புத் துண்டு. நாங்கள் லீவுக்குப் போனால் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து, படிக்காமலே பாடுவாள். அவள் போன பிறகு வீட்டை வெள்ளையடித்தபோது, ‘ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்’ என்று தெருவில் கூவிக்கொண்டு வந்தவரிடம் பெட்டியைப் போட்டுவிட்டார்கள். பேரீச்சம்பழக் காலம் முடிந்துவிட்டிருந்ததால் ஒரு பிளாஸ்டிக் குடம் கிடைத்தது. இதைச் செய்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பெட்டி போனதுகூடப் பெரிதில்லை. உள்ளே இருந்ததை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

படம் போனாலும் பாட்டு நிற்கும்

தமிழின் முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’, 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானது. எச்.எம். ரெட்டி இயக்கிய அதில் டி.பி. ராஜலட்சுமி நடித்துப் பாடினார். அந்தப் படத்தின் சுருள் இன்று இல்லை. ராஜலட்சுமியே 1936-இல் இயக்கிய ‘மிஸ் கமலா’வும் இல்லை. ஊமைப்பட காலத்தில் தென்னிந்தியாவில் எடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட படங்களின் கதி இன்னும் மோசம். 1933-இன் ‘மார்த்தாண்ட வர்மா’ தவிர ஒன்றும் தேறவில்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள். நைட்ரேட் பிலிம் தீப்பிடிக்கும். தீப்பிடிக்காவிட்டாலும் தானே மக்கிப் பொடியாகும். அதிலிருக்கும் வெள்ளிக்காகப் பழைய சுருள்களை உருக்கியதும் உண்டு. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதே 1964-இல்தான். அதற்குள் போனது போனதுதான். 2003-இல் அங்கேயும் நைட்ரேட் சுருள்கள் தீயில் போயின.

ஆகவே 1930-களின் ஒரு படத்தில் யார் நடித்தார்கள், எத்தனை பாட்டு, என்ன ராகம், யார் எழுதியது என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியது அந்த ஓரணாப் புத்தகம்தான். எம்.கே. தியாகராஜ பாகவதரின் முதல் படமான ‘பவளக்கொடி’யில் (1934) ஏறத்தாழ ஐம்பது பாட்டு. வானொலி வீட்டுக்கு வராத காலம். சென்னை வானொலி நிலையம் தொடங்கியதே 1938-இல். கிராமபோன் மிராசுதார் வீட்டுச் சமாசாரம். பாட்டைக் கையோடு கொண்டுபோக ஒரே வழி அச்சு. அதனால்தான் பாட்டுப் புத்தகம் என்பது கொசுறாகக் கொடுத்த பொருளாக இல்லாமல், காசு கொடுத்து வாங்கும் சரக்காகவே பிறந்தது.

அதற்கு ஒரு பாட்டனும் உண்டு. சென்னை குஜிலிக் கடைத்தெருவில் அச்சாகிச் சந்தைக்குச் சந்தை, ரயிலுக்கு ரயில் பாடிப் பாடி விற்ற கொலைச்சிந்துகளும் வழிநடைச் சிந்துகளும்தான் அந்தப் பாட்டன். ஆ.இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்று அவற்றுக்கு ஒரு நூலே எழுதியிருக்கிறார். நாடகக் கம்பெனிகள் அதே வடிவத்தில் நாடகப் பாட்டுகளை அடித்தன. நாடகக்காரர்கள் சினிமாவுக்குப் போனபோது புத்தகமும் கூடவே போனது. தாள் அதே, அச்சகம் அதே, விற்ற பையன்களும் அநேகமாக அதே.

கள்ளக்குறிச்சிப் பக்கம் கூத்து செழித்த சீமை. இங்கே பாட்டுப் புத்தகத்துக்கு இன்னொரு பயனும் இருந்தது. பஜனைக் கோஷ்டிக்காரர் சினிமா மெட்டில் சாமி பாட்டு கட்டுவார். கட்சிக்காரர் அதே மெட்டில் தேர்தல் பாட்டு கட்டுவார். மெட்டுக்குச் சொல் அளந்து போட மூலப்பாட்டு எழுத்தில் வேண்டும். பழைய புத்தகங்களின் ஓரத்தில் பென்சிலால் வேறு வரிகள் எழுதியிருப்பதை நானே இரண்டு மூன்றில் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டுச் சேகரிப்பாளர் கணக்கில் இது ‘கறை’, விலை குறையும். என்னைக் கேட்டால் இந்தப் பென்சில் எழுத்துக்குத்தான் கூடுதல் விலை கொடுக்க வேண்டும்.

எதற்கு மதிப்பு?

பழைய தபால்தலைக்கு இருப்பது போல இதற்கு அச்சிட்ட விலைப்பட்டியல் கிடையாது. விற்பவர் முகம் பார்த்துச் சொல்வார், வாங்குபவர் மனம் பார்த்துக் கொடுப்பார். ஆனாலும் சில சூத்திரங்கள் இந்த வட்டாரத்தில் நிலைத்துவிட்டன.

முதல் சூத்திரமே தலைகீழாக இருக்கும். பெரிய வெற்றிப் படத்தின் புத்தகம் அரிதல்ல. ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வந்து சென்னை பிராட்வேயில் மூன்று தீபாவளி கண்ட படம். அத்தனை நாள் ஓடிய படத்துக்குப் புத்தகமும் திரும்பத் திரும்ப அச்சாகித்தான் இருக்கும். இரண்டு வாரத்தில் பெட்டிக்குத் திரும்பிய படத்தின் புத்தகம்தான் கிடைக்காது. அடித்ததே குறைவு, வாங்கியவன் அதைவிடக் குறைவு, வைத்திருந்தவன் எத்தனை பேர்?

இரண்டாவது, பின்னால் பெரிய ஆளாக ஆனவர் முன்னால் சின்ன ஆளாக இருந்த புத்தகம். 1936-இல் வந்த ‘சதி லீலாவதி’யில் ஒரு சின்ன இன்ஸ்பெக்டர் வேடம். நடித்தவர் ஆரம்ப காலத்தில் தன் பெயரை எம்.ஜி. ராம்சந்தர் என்று போட்டுக்கொண்டார். நடிகர் பட்டியலில் கீழே ஒதுங்கிக் கிடக்கும் அந்தப் பெயரைத் தேடி அலைகிறவர்கள் இன்றும் உண்டு. டி.எஸ். பாலையாவுக்கும்கூட அதுதான் முதல் படம். அன்று தயாரிப்பாளர் எந்த வரிசையில் பெயர் போட்டார் என்பதை அந்த ஒரு பக்கம் காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது, படத்தில் இல்லாத பாட்டு. புத்தகம் முதலில் அச்சுக்குப் போய்விடும், படம் நீளமாகிவிட்டது என்று பிறகு கத்தரி விழும், தணிக்கையிலும் போகும். புத்தகத்தில் மட்டும் பாட்டு நிற்கும். அரசாங்கத்தின் கத்தரிக்கும் இதே கதைதான். கே. சுப்ரமணியத்தின் ‘தியாக பூமி’யை (1939) ஆங்கில அரசு தடைசெய்தபோது, கல்கியின் கதை அந்தப் படத்தின் புகைப்படங்களோடு ஆனந்த விகடனில் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்து வெகுநாளாகிவிட்டது. கொட்டகையைப் பூட்டலாம், பரண்மேல் இருப்பதை எப்படிப் பூட்டுவது?

நிலைமை பற்றியும் சொல்ல வேண்டும். முழுசாக இருக்கும் பிரதி ஆயிரத்தில் ஒன்று. நடுப்பக்கப் படத்தை வெட்டிக் கதவில் ஒட்டியிருப்பார்கள். அட்டையைக் கிழித்து நோட்டுக்குப் போட்டிருப்பார்கள். முள் துருப்பிடித்துத் தாளைத் தின்றிருக்கும். மிச்சத்தை ராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்ளும். போர்க்காலத் தட்டுப்பாட்டில் அச்சிட்டவை கையில் எடுத்தாலே உதிரும். ஆகவே இந்தச் சந்தையில் ‘புத்தம் புதிது போல’ என்று யாராவது நீட்டினால் மகிழ்ச்சிக்கு முன் சந்தேகம் வர வேண்டும். கலர் ஜெராக்ஸும் ஸ்கேனரும் வந்த பிறகு பழைய புத்தகங்கள் திடீரென்று நிறையப் பிறக்கின்றன.

வயது சொல்லும் எழுத்து

சந்தேகம் வந்தால் என்ன செய்வது? இங்கே எனக்குப் பிடித்த பகுதி ஆரம்பிக்கிறது. பாட்டுப் புத்தகத்திலும் கொட்டகை நோட்டீஸிலும் பெரும்பாலும் ஆண்டு போட மாட்டார்கள். நாளை எறியப்போகும் காகிதத்துக்கு ஆண்டு எதற்கு? ஆனால் காகிதம் தன் வயதை வேறு வழிகளில் உளறிவிடும்.

விலையைப் பாருங்கள். அணாவில் இருந்தால் ஏறத்தாழ 1957-க்கு முன். அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்றுதான் தசம நாணயம் வந்தது. ‘நயா பைசா’ என்றோ ‘ந.பை.’ என்றோ இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் நடுவில். அதற்குப் பிறகு ‘நயா’ உதிர்ந்து வெறும் பைசா. முகவரியைப் பாருங்கள். ‘மதராஸ் ஸ்டேட்’ என்றிருந்தால் 1969 பொங்கலுக்கு முன். அந்த ஜனவரி 14-இல்தான் மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறியது. பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். நம் ஊர் நோட்டீஸ்களுக்கு இன்னும் ஒரு வசதி உண்டு. கள்ளக்குறிச்சி ‘தென்னாற்காடு’ என்றிருந்தால் 1993-க்கு முன். அந்த ஆண்டு விழுப்புரத்தோடு பிரிந்தது. ‘கள்ளக்குறிச்சி மாவட்டம்’ என்று அச்சிட்ட நோட்டீஸ் 2019 நவம்பருக்கு முன் இருக்கவே முடியாது. ‘பழைய நோட்டீஸ்’ என்று ஒருவர் என்னிடம் கொடுத்த காகிதத்தில் இந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு, அவர் மனம் நோகாமல் திருப்பிக் கொடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எழுத்தையும் பாருங்கள். ‘லை’யும் ‘னை’யும் மேலே துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றால் பழைய எழுத்து. அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978-இல். ஆனால் இது இருபக்கக் கத்தி. பழைய ஈய எழுத்துகளைத் தூக்கிப்போட மனமில்லாத சிற்றூர் அச்சகங்கள் அதற்குப் பிறகும் பல வருடம் துதிக்கை லையைத்தான் கோத்தன. பெரியாரின் ‘குடி அரசு’ இதழோ 1935-லேயே புதிய எழுத்துக்கு மாறிவிட்டது.

தாளைத் திருப்பி விரல் நுனியால் தடவிப் பாருங்கள். ஈய எழுத்தில் அடித்தது பின்பக்கம் லேசாகப் புடைத்திருக்கும், ஜெராக்ஸ் வழுக்கும். கடைசியாக, அடிவரி. 1867-ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி, அச்சிடும் ஒவ்வொரு காகிதத்திலும் அச்சிட்டவர் பெயரும் ஊரும் இருந்தாக வேண்டியிருந்தது. அந்தச் சின்ன வரியைத்தான் சேகரிப்பாளர்கள் லென்ஸ் வைத்து முதலில் தேடுவார்கள். தயாரிப்பாளர் அடித்த அசல் புத்தகத்தில் சென்னை அச்சகத்தின் பெயர் ஜம்பமாக இருக்கும். ‘பாட்டு மட்டும் திருடிய’ மலிவுப் பதிப்பில் அடிவரி மாயமாகிவிடும். படம் ஒன்று, பாட்டு ஒன்று, புத்தகம் மட்டும் இரண்டு மூன்று விதமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

நோட்டீஸ்தான் ராஜா

இத்தனை சொன்ன பிறகு என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். சேகரிப்பாளர்கள் சென்னைப் பாட்டுப் புத்தகத்துக்குப் பின்னால் ஓடுகிறார்கள். என் பார்வையில் அதைவிட அரிய பொருள் கொட்டகைக்காரர் உள்ளூரில் அடித்த பிட் நோட்டீஸ்.

சென்னையில் அச்சான புத்தகம் தமிழ்நாடு முழுக்கவும், கொழும்பு, பினாங்கு வரைக்கும் போனது. எங்கேயாவது ஒரு பிரதி தப்பியிருக்கும். நோட்டீஸோ ஊருக்கு ஊர் வேறு. ரோஸ், மஞ்சள், பச்சை என்று கிடைத்த கலர் தாளில் டிரெடில் மெஷினில் சில நூறு அடிப்பார்கள். மாட்டு வண்டியில் இரண்டு பக்கமும் தட்டி கட்டி, தப்படித்துக்கொண்டு, ஊர் ஊராக வீசிக்கொண்டே போவார்கள். நாங்கள் புழுதியில் ஓடிப் பொறுக்குவோம். வெள்ளிக்கிழமை வீசிய நோட்டீஸ் ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் இருக்கும். ‘சண்டைக் காட்சிகள் நிறைந்தது’, ‘பெண்களுக்குத் தனி இடம்’, ‘கடைசி மூன்று நாள்’, ‘மழை பெய்தாலும் காட்சி உண்டு’ என்று அதில் இருக்கும் ஒவ்வொரு வரியும் அந்த ஊரின் அந்த வாரத்தைப் பற்றிய செய்தி. டூரிங் டாக்கீஸுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கே உரிமம் கொடுப்பார்கள். அது முடிந்தால் டென்டைப் பிரிக்க வேண்டும். ஆகவே எந்தக் கொட்டகை எந்த ஊரில் எப்போது இருந்தது என்று பதிவு செய்ய அந்த நோட்டீஸை விட்டால் மக்கள் ஞாபகம்தான் மிச்சம். ஞாபகத்துக்கும் வயதாகிவிட்டது.

மலைக்கு மேற்குப்பக்கம் இறங்கினால் சேலம் மாவட்டம். டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கி நூறு படத்துக்கு மேல் எடுத்த மாடர்ன் தியேட்டர்ஸ் அங்கேதான் இருந்தது. ‘மந்திரி குமாரி’யும் (1950), தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் நாற்பது திருடர்களும்’ (1956) சேலத்துச் சரக்குகள். மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பால’னும் (1938) அங்கே பிறந்ததுதான், அதன் சுருளும் இன்று இல்லை. ஏற்காடு சாலையில் அந்த ஸ்டுடியோவின் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. அந்தப் படங்களை மலையின் இந்தப் பக்கத்து டென்ட்களில் பார்த்தவர்கள் யார், எந்தப் படம் எத்தனை நாள் நின்றது, டிக்கெட் என்ன விலை என்றெல்லாம் கேட்டால் வளைவு வாய் திறக்காது. ஒரு ரோஸ் காகிதம் திறக்கும்.

பொறுக்கியவர்கள்

இதையெல்லாம் குப்பை என்று நினைக்காத சிலர் இருந்தார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார், பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். ‘ரோஜா’ அவருடைய கடைப் பெயர். புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, கப்பலேற்றாமல் சென்னையிலேயே வைத்தது. அதுதான் இன்று தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். தமிழ் சினிமாவின் தொடக்க காலத்தை எழுத உட்காருகிறவர் அந்த வாசலை மிதிக்காமல் முடியாது.

இன்னொருவர் பிலிம் நியூஸ் ஆனந்தன் (1926–2016). எம்.ஜி.ஆரின் ‘நாடோடி மன்ன’னில் தொடங்கித் தமிழ் சினிமாவின் முதல் மக்கள் தொடர்பாளர் என்ற பெயர் வாங்கியவர். எந்தப் படம் எந்தத் தேதியில் வந்தது, யார் யார் வேலை பார்த்தார்கள் என்ற விவரங்களையும் ஸ்டில்களையும் பாட்டுப் புத்தகங்களையும் ஐம்பது வருடம் சேர்த்தார். அந்தச் சேகரிப்பைப் பின்னர் தமிழக அரசே வாங்கியது. தியடோர் பாஸ்கரன் தமிழ் சினிமா வரலாற்றை ஆய்வுப் பொருளாக எழுதியபோதும் இப்படிப்பட்ட காகிதங்கள்தான் கைகொடுத்தன.

வாங்கவும் விற்கவும் ஓர் இடமாக இருந்தது சென்னை மூர் மார்க்கெட். எத்தனையோ சேகரிப்புகள் அந்த நடைபாதையில் தொடங்கியவை. 1985 மே மாதம் அது எரிந்தபோது எவ்வளவு காகிதம் போனது என்று யார் எண்ணுவது? அதே சமயத்தில் கேசட்டும் வந்துவிட்டது. பாட்டு காதுக்கே வந்து சேர்ந்த பிறகு எழுத்தில் எதற்கு? புத்தகம் கொட்டகை வாசலைவிட்டு பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடைக்குப் போய், அங்கிருந்தும் ஒருநாள் காணாமல் போனது.

உங்கள் பரண்

விலை கேட்கிறவர்களுக்கு என் பதில் இது. பரண்மேல் இருக்கும் பெட்டியை விற்று மச்சு வீடு கட்ட முடியாது. அந்த ஆசையோடு யாரும் ஏணி வைக்க வேண்டாம். ஆனால் ஏணி வையுங்கள்.

கிழிந்திருந்தால் செல்லோடேப் ஒட்டாதீர்கள். பத்து வருடத்தில் பசை மஞ்சளாகி எழுத்தையும் தின்னும். லேமினேட் செய்யாதீர்கள், அது காகிதத்துக்குப் பாடை. துருப்பிடித்த முள்ளை மட்டும் பதமாக எடுத்துவிடுங்கள். வெயிலில் காயவைக்க வேண்டாம், நிழலில் போதும். இரண்டு பக்கமும் போனில் படம் எடுங்கள். முக்கியமாக, யார் வாங்கியது, எந்த ஊர்க் கொட்டகையில், யாரோடு போனது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தனித்தாளில் எழுதி உள்ளே வையுங்கள். அச்சில் இல்லாதது அது ஒன்றுதான். அவர்கள் இருக்கும்வரைதான் கிடைக்கும். பிறகு விற்பதானால் விற்றுக்கொள்ளுங்கள். கொடுப்பதானால் ஒரு நூலகத்துக்குக் கொடுங்கள். எடைக்கு மட்டும் போடாதீர்கள்.

அந்தப் பழைய பேப்பர் கடைச் சாக்கில் எனக்கு அன்று ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தது வீட்டிலேயே. அத்தையின் பால் கணக்கு நோட்டுக்கு ஒரு பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையை மடித்துப் போட்டிருந்தது. படத்தின் பெயர் இருந்த பக்கம் போய்விட்டது. ஒரு பல்பொடி விளம்பரமும், ஒரு கொட்டகையின் ஊதா ரப்பர் ஸ்டாம்பில் பாதியும், மூலையில் விலையும் மட்டும் மிச்சம்: அணா 2.